எவ்வித அவதியும் இன்றி

எனக்கு ஓய்வெடுக்கத் தெரியாது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது உண்மைக்கு மாறானது. ஓய்வு சம்பந்தமாக என்னிடம் தனிக் கோப்பே இருக்கிறது. பச்சை அட்டை, வெள்ளை நாடா, பக்க எண் போட்டது. அதில் உள்ளதைத்தான் இங்கே சுருக்கி எழுதுகிறேன். அசலைப் பார்க்க விரும்புவோர் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வரலாம்.

என் பெயர் தங்கதுரை. எல்லையைத் தாண்டி மலையாள மாநிலத்துக்குள் இருக்கும் எங்கள் நல்லேப்பிள்ளி விதைநெல் சங்கத்தில் இருபத்துநான்கு வருடமாக எழுத்தர். எட்டாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதி பத்துக்குப் பத்து வாங்கியவன். அதற்கு மேல் முன்னேற வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று போடாமல் எனக்குப் பேனா ஓடாது. கல்யாணமான புதிதில் கோமதி ஆடிக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவளுக்கு எழுதிய கடிதத்தில், ‘பொருள்: தங்கள் நினைவு அடிக்கடி வருதல் – தொடர்பாக’ என்று போட்டிருந்தேன். பதில் வரவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன்.

கோமதி காலை நாலரைக்கு எழுந்துவிடுவாள். வீட்டில் இரண்டு மாடு. பால் வண்டி ஆறு மணிக்கு வந்துவிடும். போன தை மாதம் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்:

“ஏனுங்க, ஒரே ஒரு நாளைக்கு, தானா முழிப்பு வர்ற வரைக்கும் தூங்கிப் பாக்கோணுமுங்க.”

“பாத்து?”

“எனக்கு எத்தன மணிக்கு முழிப்பு வரும்னு எனக்கே தெரியாதுங்க. பொறந்ததுலிருந்து யாராச்சும் எழுப்பித்தான் எந்திரிச்சிருக்கேன். மொதல்ல எங்கம்மா. அப்பறம் மாடு.”

“நான்?”

“நீங்க எங்கீங்க எழுப்புனீங்க? உங்களை எழுப்பறதே நானுங்க.”

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே ஒரு முழுத்தாள் எடுத்து ‘வரைவுத் திட்டம்’ என்று தலைப்புப் போட்டேன்.

திட்டத்துக்கு வழியும் இருந்தது. சங்க ஊழியர்களான நாங்களெல்லாம் உறுப்பினராக இருக்கும் விஸ்ரம க்ஷேமநிதி போர்டுக்குக் காந்தலூரில் ஒரு தங்கும் விடுதி உண்டு. விஸ்ரமம் என்றால் மலையாளத்தில் ஓய்வு. இருபது வருடம் உறுப்பினராக இருந்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறை குடும்பத்தோடு நான்கு நாள் அங்கே இலவசமாக ஓய்வு. காந்தலூரில் குளிர் உண்டு, ஆப்பிள் உண்டு, பூண்டுத் தோட்டம் உண்டு. முக்கியமாக, எங்கள் மாடுகள் அங்கே இல்லை. மாடுகளை என் தம்பி மனைவி பூவாத்தாள் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள்.

நான்கு நாளுக்கும் அட்டவணை போட்டேன். இரண்டாம் நாள் காலைக்கு நேராக, ‘5.30: கோமதி தூங்குதல் (தொடர்ச்சி)’ என்று எழுதியிருந்தேன். கோமதி அதைப் பார்த்துவிட்டு, “தூங்கறதுக்கு எதுக்குங்க மணி போட்டிருக்கீங்க?” என்றாள்.

“அப்பத்தான் தூங்குனமா இல்லையான்னு பின்னாடி தெரியும்.”

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதினேன். மொழிச் சிறுபான்மையினர் தாய்மொழியிலேயே அரசு சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு எழுதலாம், எழுதுவது உரிமை, எழுதாவிட்டால் அந்த உரிமை துருப்பிடித்துவிடும் என்பது என் கொள்கை. மூன்று வரைவு போட்டு, கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்து நின்றேன்: ‘நானும் என் துணைவியும் எவ்வித அவதியும் இன்றி நான்கு நாள்கள் ஓய்வெடுக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.’ சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பத்துக்குப் பத்து.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. தமிழில் அவதி என்றால் என்னவென்று தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ‘நாளைக்கு அவதி’ என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தால் நாங்கள் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர்கள். ஐம்பத்தொரு வயது வரை இந்தச் சொல்லோடு இரண்டு அர்த்தத்திலும் குடித்தனம் செய்தவன் நான். இருந்தும் எழுதிவிட்டேன். வாக்கியம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பதினெட்டாம் நாள் மலையாளத்தில் உத்தரவு வந்தது. தமிழில் தருகிறேன்:

‘தமக்கு எவ்வித அவதியும் வேண்டாமென விண்ணப்பதாரர் எழுத்து மூலம் அறிவித்துள்ளதால், மேற்படி நான்கு நாள்கள் விடுமுறையாகக் கருதப்பட மாட்டா. அவருடைய ஓய்வு, பணியாகக் கருதப்படும். துணைவியார் ஓய்வு உதவியாளராக நியமிக்கப்படுகிறார். விதிகள் இணைப்பில். நகல்: விதைநெல் சங்கச் செயலாளர்.’

விதிகள் பதினாறு பக்கம். உதவியாளரின் கடமைகள் மட்டும் ஒன்பது பக்கம்.

மறுநாளே எங்கள் பக்கத்துச் சித்தூரில் உள்ள போர்டு அலுவலகத்துக்குப் போனேன். ஜிஸ்மி என்ற கிளார்க் என் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்ட இடத்தைக் காட்டினார்.

“சாரே, அவதி வேண்டான்னு சார்தன்னே எழுதியிருக்கு.”

“அம்மணி, அது தமிழ் அவதிங்க. தமிழ்ல அவதின்னா கஷ்டம்.”

“கஷ்டமோ?” ஜிஸ்மி பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ சாருக்கு எங்க அவதி வேணும், உங்க அவதி வேண்டா.”

“ரொம்பச் சரிங்க.”

“அதுக்கு அர்த்த சாட்சிப்பத்திரம் வேணும் சாரே. தமிழ் செக்ஷன்ல இருந்து.”

“அந்த செக்ஷன் எங்கீங்க?”

ஜிஸ்மி மூலையைக் காட்டினார். மேசை இருந்தது, நாற்காலியின் மேல் கட்டுக்கட்டாகக் கோப்புகள் இருந்தன.

“அந்த சார் மூணு வருஷமாயிட்டு அவதியில.”

“எந்த அவதியிலங்க?”

ஜிஸ்மி கொஞ்சம் யோசித்தார். “ரெண்டுலயும்தான் சாரே.”

வீட்டுக்கு வந்து கோமதியிடம் விஷயத்தைச் சொன்னேன். “வேலைன்னு பேரு வச்சா என்னங்க, போயித் தூங்கத்தானே போறோம்?” என்றாள். அவளுக்கு அரசாங்க விதிகள் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்து முடித்தபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி பரவியிருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் அதில் நிரப்ப ஒரு கட்டம் இருந்தது.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று போனால் எங்கள் ஊரிலிருந்து காந்தலூருக்கு மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பாதி வழி தமிழ்நாடு. ஆனால் விதி ஏழு: பணியில் இருப்பவர் தகுந்த அதிகாரியின் அனுமதியின்றி மாநில எல்லையைத் தாண்டலாகாது. ஆகவே திருச்சூர், கோதமங்கலம், அடிமாலி, மூணாறு என்று மாநிலத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனோம். நான்கு பஸ். கோமதிக்குப் பஸ் ஏறியதும் கண் சொக்கும். ஆனால் பயணக் குறிப்பேட்டில் இடம் மாறும்போதெல்லாம் உதவியாளர் கையொப்பமிட வேண்டும். திருச்சூரில் எழுப்பினேன். கோதமங்கலத்தில் எழுப்பினேன். அடிமாலியில் எழுப்பியபோது பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டு, கண்ணைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள். கையொப்பம் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. மறுபடி எழுப்பினேன்.

விடுதியில் எங்களை வரவேற்றவர் பொறுப்பாளர் செபாஸ்டின். மூணாறு பக்கம் சித்திரபுரத்துக்காரர், தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம். அவர் மனைவி புஷ்பமேரி சமையல். கட்டிலெல்லாம் நன்றாகவே இருந்தன. ஜன்னலைத் திறந்தால் மலை. மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு மாதிரி தோட்டங்கள். கோமதி மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விடுதியில் தந்த ஓய்வுப் பதிவேட்டைப் புரட்டினேன். ‘சிரிப்பு (காரணத்துடன்)’ என்று இருக்கத்தான் செய்தது.

“காலைல அஞ்சரைக்கு மணி அடிப்பேன் சார்,” என்றார் செபாஸ்டின்.

“எதுக்குங்க?” என்றாள் கோமதி.

“ஓய்வு ஆரம்பிக்கதுக்கு அம்மா. எந்திரிச்சாத்தான ஓய்வ ஆரம்பிக்க முடியும்?”

“தூங்கிட்டே ஆரம்பிச்சாங்க?”

“தூக்கம் வேற, ஓய்வு வேறன்னு சொல்லுதாக. நானும் கேட்டுப் பாத்துட்டேன். மணி அடிச்சுட்டு நான் போய்ப் படுத்துக்கிடுவேன். எனக்கு அந்த ரூல் கெடையாது.”

முதல் காலை மணி அடித்தது. கோமதி எழுந்து உட்கார்ந்தாள். “நாலரைக்குப் பதிலா அஞ்சரை. ஒரு மணி நேரம் லாபம்தானே?” என்றேன். “தானா வரலீங்களே,” என்றாள்.

அன்றைய வேலைகளைச் சொல்கிறேன். ஓய்வெடுப்பவர் ஓய்வெடுக்கிறாரா என்று மணிக்கொருமுறை உதவியாளர் பார்த்துச் சான்று எழுத வேண்டும். நான் படுத்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ‘மலை பார்த்தல் – இருபது நிமிடம்.’ மூடுபனி இருந்தால் ‘மூடுபனி பார்த்தல்’ என்று எழுத வேண்டும். மூடுபனி பாதியில் விலகிவிட்டது. எட்டு நிமிடத்தை மூடுபனியிலும் பன்னிரண்டை மலையிலும் பிரித்து எழுதினேன். இருபத்துநான்கு வருடத்தில் நான் செய்த மிகத் துல்லியமான பதிவு அதுதான்.

பத்து மணிக்குள் நான் ஓய்வெடுக்கும் படத்தை, இருப்பிட அடையாளத்தோடு, போர்டின் வாட்ஸாப் குழுவில் போட வேண்டும். விடுதியில் சிக்னல் கிடையாது. மேட்டின் மேல், மாதா சிலை வைத்த குருசடிக்குப் பின்னால் நின்றால்தான் கிடைக்கும். படம் எடுத்தவரே அனுப்ப வேண்டும் என்பது விதி பதினொன்று. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கோமதி என்னைப் படம் பிடித்துக்கொண்டு மேடு ஏறினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கண் தெளிவாக மூடவில்லை என்று மேட்டில் நிற்கும்போதே குழுவில் பதில் வந்துவிட்டதாம். இன்னொருமுறை ஏறினாள்.

மத்தியானம் புஷ்பமேரி அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூண்டுத் தோட்டத்தைக் காட்டினாள். அங்கே ஒரு பிளம்ஸ் மரத்தடியில் புல் மெத்தென்று இருந்ததாம். “இங்க ஒரு பாயப் போட்டுக் குடுத்தாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் கெடப்பனுங்க,” என்று என்னிடம் வந்து கேட்டாள். அங்கீகரிக்கப்பட்ட ஓய்விடங்களின் பட்டியலைப் பார்த்தேன். வராந்தா, அறை, சிமெண்டு பெஞ்சு. மரத்தடி இல்லை.

“இல்லையே, கோமதி.”

“மரம் இருக்குதுங்க. பட்டியல்லதான் இல்லீங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். “ஏனுங்க, நீங்க படுத்திருக்கறதையே எத்தன நேரம் பாக்கறது? ஊட்டுல மாடாச்சும் நடுவுல அசை போடுமுங்க,” என்றாள். ‘சிரிப்பு’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

இனி மூன்றாம் நாள் காலை. இதைக் கோப்பில் சேர்க்கவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முந்தின நாள் படம் தாமதமானதற்குக் குழுவில் என் பெயருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. எனக்குச் சிவப்புப் புள்ளி விழுந்ததே இல்லை. அடுத்த மாதம் தலைமை எழுத்தர் பதவி உயர்வு வேறு பாக்கி. ஆகவே மணிக்கு முன்னாலேயே எழுந்து, சரியாக ஐந்து மணிக்கு, கோமதியின் தோளைத் தொட்டு உலுக்கினேன். “கோமதி, எந்திரி. வெளிச்சம் வந்ததும் படம் எடுத்துட்டா மொத ஆளா அனுப்பிரலாம்.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. கூந்தலை முடிந்துகொண்டே, “மொதல்ல எங்கம்மா. அப்பறம் மாடு. இப்ப நீங்களும் சேந்துட்டீங்க,” என்றாள்.

அன்று முழுக்க எல்லாக் கட்டத்தையும் சரியாகவே நிரப்பினேன். ஆனால் எழுத்து கோணலாக வந்துகொண்டே இருந்தது.

நான்காம் நாள் காலை ஐந்தேகாலுக்குச் செபாஸ்டினைத் தேடிப் போனேன். அவர் காதுக்குல்லாயோடு மணிக்குக் கீழே நின்று பீடியை அணைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு மணி அடிக்காம இருக்க முடியுமாங்க?”

“அடிக்காட்டா மெமோ வரும் சார்.”

“அவ தூங்கறாளுங்க.”

செபாஸ்டின் என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். “அடிக்கணும்னுதான் ரூலு. சத்தம் கேக்கணும்னு ரூல் இருக்கா சார்? நீங்கதான் பூராத்தையும் படிச்சிருக்கீகளே.”

பதினாறு பக்கத்தையும் மனதில் ஓட்டினேன். “இல்லீங்க.”

அவர் உள்ளே போய் புஷ்பமேரியின் துண்டைக் கொண்டுவந்தார். மணியின் நாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு இருபது தடவை, ஒன்றுகூடக் குறைக்காமல், கயிற்றை இழுத்து இழுத்து அடித்தார். ஒரு காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “அடிச்சாச்சு. பதிவேட்டுல எழுதிக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. விஸ்ரம ஆபீசர் ஜிதின். நான்காம் நாள் நேரில் வந்து, இருவர் கையொப்பத்தையும் வாங்கி, ஓய்வை நிறைவு செய்து வைப்பது அவர் வேலை. நான் கேட்டுக்கே ஓடிப்போய், “சார், கொஞ்சம் மெதுவா பேசலாமுங்களா?” என்றேன்.

அவருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் இல்லை. வராந்தாவில் ஏறி நின்று ஆரம்பித்தார்:

“தங்கதுரை சாரே, நான் எல்லாருக்கும் சொல்லுந்நதுதான் சாருக்கும் சொல்றேன். ஒருத்தன் தன் இஷ்டத்துக்குப் படுத்தா அது மடி, சோம்பேறித்தனம். போர்டு வழியாப் படுத்தா அது விஸ்ரமம். இந்தக் கொல்லம், இந்த வருஷம், நாங்க பத்தாயிரம் மணிக்கூர் விஸ்ரமம் நடப்பிலாக்கியாச்சு. யாரால? உத்யோகஸ்தரோட தியாகத்தால. நான் ஆறு வருஷமாயிட்டு ஒரு நாள் லீவு எடுத்திட்டில்ல. பாரியாளோட பிரசவத்துக்குக்கூட இன்ஸ்பெக்ஷன்லதான் இருந்தேன். மோளுக்கு இப்போ நாலு வயசு. என்னைக் கண்டா அவ அம்மைகிட்ட, ‘அம்மே, சார் வந்தாச்சு’ன்னு சொல்லும்.” இதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை இருந்தது. “சரி. உதவியாளர் எவிடே?”

“தூங்கறாங்க, சார்.”

“டியூட்டி டைமிலயோ?”

“ஆமாங்க.”

“விளிச்செழுப்பு.”

அதற்குள் நான் வராந்தா நாற்காலியை எங்கள் அறைக் கதவுக்குக் குறுக்கே போட்டிருந்தேன். அதில் உட்கார்ந்தேன். இருபத்துநான்கு வருடச் சர்வீஸில் ஒரு அதிகாரி நிற்கும்போது நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

“முடியாதுங்க, சார்.”

“உதவியாளர் கையொப்பு இல்லேன்னா நாலு நாளும் அனுமதியில்லாத ஆப்சென்ட். ப்ரமோஷன் காரியம் அறியாமோ?”

“தெரியுமுங்க.”

“அப்படியெங்கில், விளக்கம் எழுதித் தா. இப்போ, இவிடேவச்சு.”

சார் பேனாவையும் தாளையும் நீட்டினார். அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள் என்ற இடத்தில், ‘என் மனைவி தூங்குதல் – தொடர்பாக’ என்று எழுதினேன். பார்வையில் ஒன்று முதல் பதினொன்று வரை போட்டேன். போர்டின் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் உட்பிரிவுகளோடு, ஒவ்வொன்றுக்கும் தாழ்மையுடன் விளக்கம் கேட்டேன். ஏழு பக்கம் போயிற்று. ஜிதின் சாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. செபாஸ்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் ஆபீசர் மறுப்புச் சொன்னார். அவற்றுக்குத் துணை விளக்கம் எழுதிக் கொடுத்தேன். புஷ்பமேரி சத்தமில்லாமல் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை வந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் வந்தது போல இருந்தது.

பதினொன்றே முக்கால் இருக்கும். எட்டாவது பக்கத்தில் இருந்தேன். அப்போது ஆபீசரின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. எப்போதும் சிக்னல் இல்லாத அந்த வராந்தாவில் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. தலைமையகம். ஆபீசர் விறைத்து நின்று, “ஆமா சார்! காந்தலூர்ல தடையில்லா விஸ்ரமம் நடந்துகொண்டிருக்குந்நு சார்!” என்று மலைக்கே கேட்கும்படி சொன்னார்.

என் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

கோமதி நின்றாள். கூந்தல் அவிழ்ந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, இருபது வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். ஆபீசர் சட்டென்று போனை அணைத்து, பதிவேட்டையும் பேனாவையும் அவள் முன்னால் நீட்டினார்.

“மணி என்னங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“பதினொண்ணே முக்கால்.”

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“போன் சத்தத்துல எந்திரிச்சனுங்க. இது சேராதுங்க.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டு அடங்கியது.

ஆபீசர் பேனாவை நீட்டியபடியே நின்றார். சாத்திய கதவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

“இனி எப்போ எழுந்திரிக்கும்?”

நாற்காலியைக் கதவோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

“அது தெரியத்தான் சார் வந்திருக்கோம்.”